லீ குலம், லீ இயற்கணிதம்: ராமநாதபுரம் கரைப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பவை

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் கூடுவார்கள். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று பல ஊர்க்காரர்கள், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முதல் எம்.எஸ்சி. வரை. லீ குலம் என்ற பெயரை எங்கேயோ கேட்டுவிட்டு வந்து விசாரிப்பவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள், ஆனால் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, இது லையா, லீயா?

லீ. நார்வே நாட்டு சோபஸ் லீயின் பெயர், 1842-ல் பிறந்து 1899-ல் இறந்தவர். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க நாம் கல்லூரியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தந்திரமாகப் படிக்கிறோமே, அந்தத் தந்திரங்களுக்கெல்லாம் அடியில் ஒரே காரணம் இருக்குமா என்று தேடிப் போனவர். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் நடந்தபோது பாரிஸிலிருந்து இத்தாலிக்கு நடந்தே கிளம்பினார். வழியில் அவர் வைத்திருந்த கணக்குக் குறிப்புகளைச் சங்கேத எழுத்து என்று நினைத்து ஜெர்மன் உளவாளி என்று பிடித்து ஒரு மாதம் போலச் சிறையில் வைத்துவிட்டார்கள்.

இது எதைப் பற்றிய கணக்கு?

தொடர்ச்சியாக மாறும் சமச்சீர்களைப் பற்றியது. ஒரு சதுர அட்டையை மேசை மேலேயே திருப்பி அதே இடத்தில் பொருத்த 90, 180, 270 பாகை என்று விரல் விட்டு எண்ணக்கூடிய வழிகள்தான் உண்டு. ஒரு பந்தை எந்த அச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் திருப்பலாம், அரைப் பாகை, அதில் பாதி, அதிலும் பாதி, இடையில் எங்கும் இடைவெளி கிடையாது. ஒரு திருப்பத்துக்கு மேல் இன்னொரு திருப்பம் செய்தால் அதுவும் ஒரு திருப்பம்தான், செய்ததை எதிராகச் செய்து பழைய நிலைக்கும் வரலாம், அதனால் இவை எல்லாம் சேர்ந்து ஒரு குலம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கடைசிப் பாடமாக ஈருறுப்புச் செயலி, சமனி உறுப்பு, எதிர்மறை உறுப்பு என்று அட்டவணை போட்டுப் படித்தோமே, அந்த விதிகள்தான் இங்கேயும். குலமாக இருந்து, அதன் மேல் வகைநுண்கணிதமும் செய்ய முடிகிற அளவுக்கு வழுவழுப்பாகவும் இருந்தால் அது லீ குலம். பந்தைத் திருப்பும் குலத்துக்கு எஸ்ஓ(3) என்று பெயர். அணிகளின் மொழியில் சொன்னால், அணிக்கோவை 1 ஆக உள்ள, மூன்று நிரை மூன்று நிரல் கொண்ட செங்குத்து அணிகள்.

அணிக்கோவை 1 என்று ஏன் தனியாகச் சொல்லணும்? செங்குத்து அணி என்றாலே போதாதா?

போதாது. ராமேஸ்வரம் கடைத்தெருவில் ஓர் இடம்புரிச் சங்கை எடுத்து எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள், தலைகீழாக, பக்கவாட்டில், எப்படியும். அது வலம்புரி ஆகாது. ஆகுமென்றால் வலம்புரிக்கு யாரும் அவ்வளவு காசு கொடுக்க மாட்டார்கள், கீழக்கரையில் சங்கு குளித்தவர்களும் அதற்காக அத்தனை ஆசையோடு தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் வைத்தால் உள்ளே தெரிவது வலம்புரி. கண்ணாடிப் பிரதிபலிப்பும் செங்குத்து அணிதான், அதன் அணிக்கோவை −1. தொடர்ச்சியாக நகர்ந்துகொண்டே போகும்போது அணிக்கோவையும் தொடர்ச்சியாகத்தான் மாற வேண்டும், 1 அல்லது −1 மட்டுமே இருக்க முடிகிற ஓர் எண் திடீரென்று குதிக்க முடியாது. ஆகவே செங்குத்து அணிகளின் குலம் இரண்டு தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது, சமனி அணி இருக்கும் துண்டுதான் எஸ்ஓ(3). ‘இணைந்த கூறு’ என்று புத்தகம் சொல்வதை நான் முதலில் உணர்ந்தது இந்தச் சங்கை வைத்துத்தான்.

பாம்பன் பாலத்தை வைத்து ஏதோ சொல்வீங்களாமே?

ஆமாம். 1914-ல் திறந்த பழைய தூக்குப்பாலமும், 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலமும் கப்பலுக்கு வழிவிடும் விதம் வேறு வேறு. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. முதலில் 3 மீட்டர், அப்புறம் 5 மீட்டர் என்று ஏற்றினாலும், நேராக 8 மீட்டர் ஏற்றினாலும் ஒன்றுதான், அதாவது கூட்டினால் கூடுகிறது. இப்படி ஒரே எண்ணால் அளந்து, எண்களைக் கூட்டினாலே நகர்வுகளும் சேர்ந்துவிட்டால் அதற்கு ஒற்றைச் சாராமாறி உட்குலம் என்று பெயர். பாடத்தின் முதல் மாதத்தில் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

பழைய பாலத்தில் இரண்டு தூக்குப் பகுதிகளும் வளைந்த அடிப்பாகத்தின் மேல் உருண்டுகொண்டே பின்னால் சாய்ந்தன, திருப்பமும் நகர்வும் ஒன்றாக நடந்தன. சமதளத்தின் திருப்பங்களும் நகர்வுகளும் சேர்ந்த குலத்துக்குள் இது ஒரு வளைகோடு. ஆனால் ஒற்றைச் சாராமாறி உட்குலம் ஆகாது! அந்தக் குலத்தில் அப்படிப்பட்டவை இரண்டே வகைதான்: நேர்கோட்டு நகர்வு, இல்லையென்றால் ஒரே நிலையான புள்ளியைச் சுற்றிய திருப்பம். உருளும்போது எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளியே கணத்துக்குக் கணம் நகர்ந்துகொண்டிருக்கிறது. இதை அணி போட்டுச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள் என்று புதிதாக வரும் எல்லோரிடமும் கேட்கிறேன்.

லீ குலம் தெரியுது. லீ இயற்கணிதம் எதுக்கு?

குலம் வளைந்தது, அதில் நேரடியாகக் கணக்குப் போடுவது கஷ்டம். வளைகோட்டுக்கு ஒரு புள்ளியில் தொடுகோடு வரைந்து அதை வைத்து ஆராய்வதில்லையா, அதேபோல குலத்துக்குச் சமனி உறுப்பில் ஒரு தொடுவெளி எடுக்கிறோம். அது நேரானது, வெக்டர் வெளி, கூட்டலாம், எண்ணால் பெருக்கலாம். அதுதான் லீ இயற்கணிதம்.

ஆனால் குலத்தில் இருந்த பெருக்கல் முழுதும் தொலைந்துவிடக் கூடாது இல்லையா. அதன் சாரம் ஒரு அடைப்புக்குறிப் பெருக்கலாக மிஞ்சுகிறது: [எக்ஸ், ஒய்] = எக்ஸ்·ஒய் − ஒய்·எக்ஸ். வரிசையை மாற்றினால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதன் அளவு இது. ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து உங்களைப் பார்த்த அச்சில் 90 பாகை, பிறகு மேல்நோக்கிய அச்சில் 90 பாகை திருப்புங்கள். திரும்ப ஆரம்பத்துக்கு வந்து வரிசையை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் வேறு நிலையில் நிற்கும். இனி சிறு கோணத்துக்கு வாருங்கள். முதல் அச்சில் 10 பாகை, இரண்டாம் அச்சில் 10 பாகை, பிறகு முதல் அச்சில் பின்னோக்கி 10, இரண்டாம் அச்சில் பின்னோக்கி 10. பழைய இடத்துக்கே வந்திருக்க வேண்டும் என்று தோன்றும், ஆனால் கிட்டத்தட்ட 1¾ பாகை திரும்பியிருக்கும், அதுவும் நாம் தொடவே தொடாத மூன்றாவது அச்சில். 10-க்குப் பதில் 5 பாகை எடுத்தால் மிச்சம் பாதியாகாமல் கால் பங்காகிறது, 0.44 பாகை. கோணத்தின் வர்க்கமாகக் குறையும் இந்த மிச்சம்தான் அடைப்புக்குறி. ராமேஸ்வரம் சந்துகளில் ஷேர் ஆட்டோக்காரர் முன்னும் பின்னும் ஓட்டி, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பியே வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒதுக்குகிறாரே, பக்கவாட்டில் போக வண்டியில் எந்தக் கருவியும் இல்லை, அடைப்புக்குறிதான் கொண்டுபோகிறது.

திரும்பிப் போகும் வழி, அதாவது இயற்கணிதத்திலிருந்து குலத்துக்கு, அடுக்குக்குறிச் சார்பு. எண்ணுக்கு எழுதும் அதே தொடரில் எண்ணுக்குப் பதில் அணியைப் போடுங்கள். முதல் நிரை 0, −1, இரண்டாம் நிரை 1, 0 என்ற அணியை எடுத்து, அதன் வர்க்கம் சமனி அணியின் எதிர் என்று பார்த்துவிட்டு, கோணத்தால் பெருக்கித் தொடரில் வைத்து இரட்டைப்படை அடுக்குகளைத் தனியாக, ஒற்றைப்படை அடுக்குகளைத் தனியாகக் கூட்டுங்கள். கொசைனும் சைனும் தாமாக வந்து நிற்கும், கடைசியில் கிடைப்பது திருப்ப அணி. நான் இதை முதல் முறை செய்து முடித்த அன்று இரவு தூங்கவே இல்லை.

ரெப்ரசென்டேஷன்னா என்ன? அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

குலத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அணியைக் கொடுக்கிறோம், குலத்தில் பெருக்கினால் அணிகளும் அப்படியே பெருகும்படி. ஒரே குலம் பல அளவு வெளிகளில் வேலை செய்யும். எந்தெந்த அளவில், எத்தனை விதத்தில் என்று கேட்பதுதான் ரெப்ரசென்டேஷன் கோட்பாடு.

நீங்கள் ஏற்கெனவே ஒரு விடையை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். வேதியியலில் எஸ் ஆர்பிட்டால் 1, பி ஆர்பிட்டால் 3, டி ஆர்பிட்டால் 5, எஃப் ஆர்பிட்டால் 7. ஏன் 1, 3, 5, 7? ஏன் 4 இல்லை? அணுக்கரு நடுவில் இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலைமை ஒன்றுதான், ஆகவே எலக்ட்ரானின் நிலைகள் எஸ்ஓ(3)-இன் ரெப்ரசென்டேஷன்களாகத்தான் அமைய முடியும், இனிப் பிரிக்க முடியாத ரெப்ரசென்டேஷன்களின் பரிமாணங்கள் அந்தக் குலத்துக்கு 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாக மட்டுமே வரும். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் நான் பிளஸ் டூ படித்தபோது ‘அது அப்படித்தான், எழுதிக்கோ’ என்றார்கள். காரணம் தெரிய எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

சரி, எங்கே ஆரம்பிக்கறது?

எஸ்எல்(2)-இல். வேறு எங்கேயும் வேண்டாம். மூலைவிட்டக் கூடுதல் 0 ஆக இருக்கும் இரண்டுக்கு இரண்டு அணிகளின் லீ இயற்கணிதம் இது, மூன்று பரிமாணம். எச், ஈ, எஃப் என்று மூன்று அணிகள் போதும், விதிகளும் மூன்றுதான்: [எச், ஈ] = 2ஈ, [எச், எஃப்] = −2எஃப், [ஈ, எஃப்] = எச். இந்த விதிகள் கெடாமல் மூன்றுக்கும் வேறு அளவு அணிகளைக் கொடுத்தால் அது எஸ்எல்(2)-இன் ரெப்ரசென்டேஷன்.

இதைப் பிளஸ் டூவில் படித்த பகுதி வகைக்கெழுவை வைத்தே கண்ணால் பார்க்கலாம். எக்ஸ், ஒய் என்ற இரு மாறிகளில் படி 3 உள்ள உறுப்புகளை எழுதுங்கள்: எக்ஸ்³, எக்ஸ்²ஒய், எக்ஸ்ஒய்², ஒய்³. ஈ என்பது ‘ஒய்யைப் பொறுத்து வகையிட்டு எக்ஸால் பெருக்கு’. எஃப் அதற்குத் தலைகீழ், எக்ஸைப் பொறுத்து வகையிட்டு ஒய்யால் பெருக்கு. எச் என்பது ஒவ்வோர் உறுப்பையும் எக்ஸின் அடுக்கிலிருந்து ஒய்யின் அடுக்கைக் கழித்துவரும் எண்ணால் பெருக்குவது, ஆகவே நான்கு உறுப்புகளுக்கும் 3, 1, −1, −3 என்று எண்கள் வருகின்றன. ஈ ஒரு படி மேலே ஏற்றும், எஃப் ஒரு படி கீழே இறக்கும், மேல் உச்சியில் ஈ போட்டால் பூச்சியம், கீழே எஃப் போட்டால் பூச்சியம். கலங்கரை விளக்கத்துப் படிக்கட்டு மாதிரி, ஒவ்வோர் அடிக்கும் 2 வித்தியாசம். படி 3 என்பதற்குப் பதில் எந்த எண்ணையும் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிக்கட்டு, பரிமாணம் அந்த எண்ணுக்கு ஒன்று கூட. எஸ்எல்(2)-க்கு முடிவுள்ள பரிமாணத்தில் பிரிக்க முடியாத ரெப்ரசென்டேஷன்கள் இவ்வளவுதான், வேறு எதுவுமே கிடையாது, இதை ஐகன் மதிப்பு மட்டும் தெரிந்த ஒரு மாணவி இரண்டு பக்கத்தில் நிரூபிக்கலாம்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம், பிறகு வரும் பெரிய கட்டடங்கள் எல்லாம் இந்த எஸ்எல்(2)-களை ஒன்றோடொன்று பூட்டி எழுப்பியவைதான். வேர்கள், எடைகள், வைல் குலம் என்று பெயர்கள் வரும்போது கையில் இந்தப் படிக்கட்டு இருந்தால் பயமே இருக்காது.

மேனிஃபோல்டு, டோபாலஜி எல்லாம் முடிச்சாதான் இதைத் தொடணும்னு சொல்றாங்களே?

மேனிஃபோல்டு என்பது கிட்டத்தில் பார்த்தால் தட்டையாகத் தெரியும் வளைந்த வெளி. முழு லீ குலக் கோட்பாட்டுக்கு ஒரு நாள் அவை வேண்டும்தான். தொடங்க வேண்டாம். நான் எம்.எஸ்சி. படித்த இடத்தில் இதே அறிவுரையைக் கேட்டு ஒரு வருஷம் முழுக்க மேனிஃபோல்டின் வரையறையிலேயே நின்றுவிட்டேன், அட்லஸ், சார்ட், மாறுநிலைச் சார்பு என்று நோட்டுகள் நிறைந்தன, ஒரே ஓர் அணியைக் கூட அடுக்குக்குறியில் வைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் எனக்கு வழி காட்டியவர் கேட்ட முதல் கேள்வி, ‘எஸ்எல்(2)-க்கு நாலு பரிமாண ரெப்ரசென்டேஷனை எழுது பார்ப்போம்’. எழுத முடியவில்லை. அந்த வருஷத்தை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையில் வேண்டியது நேரியல் இயற்கணிதம். அது நன்றாக வேண்டும், பரீட்சைக்கு எழுதிய அளவு பத்தாது. அடித்தளம் மாற்றினால் அணி எப்படி மாறும், ஐகன் மதிப்புகள் எப்போது அணியை மூலைவிட்ட வடிவுக்குக் கொண்டுவரும், எப்போது வராது, ஜோர்டான் வடிவம், உள்பெருக்கம், இருமை வெளி, டென்சார் பெருக்கம். இவற்றில் டென்சார் பெருக்கம் நம் பக்கத்து பி.எஸ்சி. பாடங்களில் பெரும்பாலும் வராது, அதைத் தனியாக ஒரு மாதம் எடுத்துப் படியுங்கள், இரண்டு வெக்டர்களின் கூறுகளை எல்லா விதத்திலும் பெருக்கி எழுதும் கணக்கிலிருந்து. குலக் கோட்பாட்டில் நேர்மை உட்குலம், ஈவுக் குலம், செயலொப்புமை வரை. மெய்ப்பகுப்பாய்வில் தொடர்கள் ஒருங்குவது. இவ்வளவு இருந்தால் போதும்.

எந்தப் புத்தகம்? எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே?

இங்கிலீஷ்தான், தப்பிக்க வழியில்லை. ஆனால் கணக்குப் புத்தக இங்கிலீஷில் வரும் சொற்கள் முந்நூறு, நாநூறுக்குள் அடங்கிவிடும், தமிழ் வழியில் படித்தவர்கள் அந்தச் சொற்களை ஒரு நோட்டில் நம் பாடநூல் சொல்லோடு எழுதிக்கொண்டே போனால் ஒரு செமஸ்டரில் பயம் தெளிந்துவிடும். நானும் தமிழ் வழிதான்.

ஜான் ஸ்டில்வெல் 2008-ல் எழுதிய சிறு புத்தகம் பி.எஸ்சி. மாணவருக்கே புரியும், மேனிஃபோல்டைத் தொடாமலே போகிறது. பிரையன் ஹால் எழுதியது அணிக் குலங்களிலிருந்து தொடங்கி ரெப்ரசென்டேஷன் வரை கொண்டுபோய்விடும், நான் பெரும்பாலோருக்கு அதைத்தான் சொல்கிறேன். ஹம்ஃபிரீஸ் 1972-ல் எழுதியது லீ இயற்கணிதம் மட்டும், சுருக்கமானது, ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள்.

எஸ்யு(2) எஸ்ஓ(3)-ஐ ‘இரண்டு முறை மூடுகிறது’ என்றால் என்ன?

எஸ்யு(2) என்பது கலப்பெண்களால் ஆன, அணிக்கோவை 1 உள்ள, நீளத்தை மாற்றாத இரண்டுக்கு இரண்டு அணிகளின் குலம். மூடுவதைப் பார்க்க ஒரு தோள் துண்டு போதும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்து ஒரே ஒரு முழுச் சுற்று முறுக்குங்கள். இனிக் கையிலிருக்கும் முனையைத் திருப்பாமல், அது பார்க்கும் திசை மாறாமல், எங்கெங்கோ நகர்த்திப் பாருங்கள், முறுக்கு அவிழவே அவிழாது. இப்போது இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 பாகை, முறுக்கிவிட்டு, முனையைத் திருப்பாமலே துண்டின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வளையம் போலக் கொண்டுவாருங்கள். முறுக்கு முழுதும் காணாமல் போகும். 360 பாகையும் 720 பாகையும் ஒன்றாக இல்லை என்பதைத் துணி காட்டிவிடுகிறது. எஸ்ஓ(3)-இல் ஒரு திருப்பத்துக்கு எஸ்யு(2)-இல் இரண்டு உறுப்புகள் உண்டு, ஒன்று மற்றொன்றின் எதிர்க்குறி. எஸ்எல்(2)-இன் இரட்டைப்படைப் பரிமாணப் படிக்கட்டுகள் ஆர்பிட்டால் கணக்கில் வராமல் போனதும் இதனால்தான், அவை எஸ்யு(2)-க்குச் சொந்தம், எலக்ட்ரானின் சுழற்சிக்கு இரண்டு நிலை வருவது அங்கிருந்துதான்.

இயற்பியல்ல இதால என்ன கண்டுபிடிச்சாங்க?

எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1961-ல் கெல்-மேனும் நேஎமனும் தனித்தனியாக, அப்போது குவிந்துகிடந்த துகள்களை எஸ்யு(3)-இன், அதாவது எஸ்யு(2) மாதிரியே மூன்றுக்கு மூன்று அணிகளால் ஆன குலத்தின், ரெப்ரசென்டேஷன்களில் அடுக்கலாம் என்று கண்டார்கள். பத்துப் பரிமாணம் உள்ள ஒன்றில் இடங்கள் புள்ளிக் கோலம் போல 4, 3, 2, 1 என்று முக்கோணமாக நிற்கும். 4, 3, 2 வரை துகள்கள் பொருந்தின, நுனியில் ஓர் இடம் காலி. அங்கே ஒரு துகள் இருந்தே ஆக வேண்டும், அதன் நிறை ஏறக்குறைய இவ்வளவு, மின்னூட்டம் இவ்வளவு என்று 1962-ல் கெல்-மேன் சொன்னார். 1964-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒமேகா கழித்தல் துகள் அதே குணங்களோடு கிடைத்தது. கணக்கில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி இயற்கையில் தேடி எடுத்திருக்கிறார்கள், நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

எல்லா லீ இயற்கணிதத்தையும் பட்டியல் போட்டாச்சாமே?

எளிய லீ இயற்கணிதங்களை, அதாவது இனிச் சிறியதாக உடைக்க முடியாதவற்றை, கலப்பெண்களின் மேல். நான்கு முடிவற்ற குடும்பங்கள், அவற்றில் சேராத ஐந்து: ஜி2, எஃப்4, ஈ6, ஈ7, ஈ8. பரிமாணங்கள் முறையே 14, 52, 78, 133, 248. இதைச் செய்தவர் வில்ஹெல்ம் கில்லிங், 1888 முதல் 1890 வரை வெளிவந்த கட்டுரைகளில். அவர் இருந்தது பால்டிக் கடலோரப் பக்கம் பிரவுன்ஸ்பெர்க் என்ற சிற்றூர், பேசுவதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கறிஞர் இல்லை, கல்லூரியில் பாடச் சுமையோ அதிகம். நிரூபணங்களில் ஓட்டைகள் இருந்தன, அவற்றை எலி கார்ட்டான் 1894-ல் தன் ஆய்வேட்டில் சரிசெய்தார். ஆனாலும் பட்டியல் கில்லிங்குடையது. ‘இந்தக் கடைக்கோடியில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இவரைத்தான் சொல்வேன்.

நம்ம ஆட்கள் யாராவது?

நிறைய! கான்பூரில் பிறந்த ஹரீஷ்-சந்திரா (1923–1983), டிராக்கிடம் இயற்பியல் ஆய்வு செய்துவிட்டுக் கணக்குக்கு வந்து, முடிவற்ற பரிமாண ரெப்ரசென்டேஷன்களின் கோட்பாட்டைப் பெருமளவு தனியாளாகவே எழுப்பினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி. எஸ். வரதராஜன், கே. ஆர். பார்த்தசாரதியோடும் ரங்கா ராவோடும் சேர்ந்து 1967-ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய ஊகத்துக்கு மூவரின் பெயர்களின் முதலெழுத்தை வைத்து பிஆர்வி என்றே பெயர். அது நிரூபணமாக இருபது வருஷம் ஆனது. காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, லட்சுமிபாய், முசிலி ஆகியோருடன் உருவாக்கிய கோட்பாடு, ரெப்ரசென்டேஷன்களுக்குக் கையில் எழுதக்கூடிய அடித்தளங்களைத் தருகிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் அவர் தொடங்கியதுதான்.

எங்க காலேஜ்ல இந்தப் பேப்பரே இல்லை. என்ன செய்யறது?

பெரும்பாலான கல்லூரிகளில் இருக்காது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். கோடையில் எம்டிடிஎஸ் என்ற கணிதப் பயிற்சி முகாம் நடக்கும், நான்கு வாரம். 1993-ல் எஸ். குமரேசன் தொடங்கியது, அவர் ஆராய்ச்சி செய்ததே லீ குலங்களில்தான். பி.எஸ்சி. படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கின்றன. அப்புறம் எம்.எஸ்சி.க்கு ஐஐடிகளின் ஜாம் தேர்வு, சிறுசேரி நுழைவுத் தேர்வு, ஆராய்ச்சிக்கு தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம். இந்தத் துறையை அங்கே உயிரோடு பார்க்கலாம். தேசிய உயர்கணித வாரியத்தின் (என்பிஎச்எம்) உதவித்தொகைத் தேர்வையும் விடாதீர்கள்.

ஒரு சங்கடம் நான் அறிவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வீடுகளில் கையில் காசு இருக்காது, முகாமும் அந்தச் சமயத்தில்தான் வரும். பயணத்துக்கு ஜனவரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள், முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வழி பார்ப்போம்.

வீட்டில பி.எட். படி, டீச்சர் வேலைக்குப் போன்னு சொல்றாங்க. இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?

உங்கள் அம்மா அப்பா கேட்பது நியாயமான கேள்வி, அவர்களோடு சண்டை போடாதீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: லீ இயற்கணிதம் படித்ததற்காக உடனே யாரும் வேலை தர மாட்டார்கள். முனைவர் பட்டம் ஐந்து வருஷம், கூடவும் ஆகலாம். ஆனால் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் அந்தக் காலத்தில் உதவித்தொகை உண்டு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தியிருக்கிறார்கள், இந்த எண்ணை வீட்டில் சொல்லுங்கள், பேச்சின் போக்கே மாறும். எங்கள் வீட்டிலும் மாறியது. பி.எட். முடித்துவிட்டுப் பள்ளி வேலையில் இருந்துகொண்டே படிப்பதும் முடியும், அப்படிப் படிக்கும் ஒரு தம்பி மண்டபத்திலிருந்து வாரம் தவறாமல் வருகிறான். ரோபோக் கைகளின் அசைவு, கணினி வரைகலை இவற்றிலும் திருப்பமும் நகர்வும் சேர்ந்த அந்த வகைக் குலம்தான் அன்றாடம் ஓடுகிறது, அந்தப் பக்கம் போக விருப்பமுள்ளவர்கள் நிரல் எழுதவும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள்.

தனியாப் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் ஒருவராவது துணை இருந்தால் வேகம் இரண்டு மடங்கு. துணைக்கு இதே பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நீங்கள் சொல்லும்போது ‘இந்த வரி எப்படி வந்துச்சு’ என்று கேட்டால் போதும். படித்தது புரிந்ததா என்று பார்க்க, புத்தகத்தை மூடிவிட்டு ஓர் உதாரணத்தை எண்களோடு எழுதுங்கள். வரையறையை ஒப்பிப்பது பத்தாது.

அக்கா, நாலு பரிமாணப் படிக்கட்டையும் மூணு பரிமாணப் படிக்கட்டையும் டென்சார் பெருக்கம் பண்ணிப் பிரிச்சேன். உச்சி எண் 5, 3, 1-னு மூணு படிக்கட்டு வந்துச்சு. சரியா?

(கீழக்கரையிலிருந்து வரும் முதலாமாண்டு எம்.எஸ்சி. தங்கை போன வாரம் கேட்டது.)

சரிதான். பரிமாணங்கள் 6, 4, 2, கூட்டினால் 12, அதுவே 4 பெருக்கல் 3. எடைகளையும், அதாவது எச் தரும் எண்களையும், எண்ணிப் பார், எடை 5 ஒரு முறை, 3 இரண்டு முறை, 1 மூன்று முறை வரும், கழித்தல் பக்கமும் அப்படியே. இனி எஸ்எல்(3)-க்குப் போகலாம். மூன்று பரிமாண ரெப்ரசென்டேஷனை அதன் இருமையோடு பெருக்கிப் பிரி. 9 கிடைக்கும், அது 8-ம் 1-ம் ஆகப் பிரியும். அந்த 8-இன் எடைகளைத் தாளில் புள்ளி வைத்து வரைந்து எடுத்துக்கொண்டு வா, நடுவில் எத்தனை புள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது என்று எண்ணி வை.